புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு புதுப் புத்தகம் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. தாளைக் கையால் செய்தார்கள், அச்சைக் கையால் இழுத்தார்கள், அட்டையைத் தோலால் கட்டினார்கள். அதனால் சிற்றூர்களில் பாதிரியார், மருத்துவர், வழக்கறிஞர், நிலக்கிழார் எனப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு தொகை போட்டுப் புத்தகம் வாங்கினார்கள். எதை வாங்குவது என்பதை அவர்களே முன்மொழிந்து முடிவு செய்தார்கள். வாங்கியது வீடு வீடாகச் சுற்றும். குறித்த நாளுக்குள் படித்து அடுத்த வீட்டுக்கு அனுப்பாவிட்டால் அபராதம். ஆண்டு முடிவில் எல்லாரும் கூடி, சுற்றி முடிந்த புத்தகங்களைத் தங்களுக்குள்ளேயே ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் அடுத்த ஆண்டின் கணக்கில் சேரும். ‘புக் கிளப்’ என்ற பெயர் அப்போது இதைத்தான் குறித்தது.

பெயர் அப்படியே இருந்தது, அது குறித்த காரியம் மாறிக்கொண்டே வந்தது. அரிய நூல்களை அச்சிட்டுத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட செல்வந்தர் சங்கமும் புக் கிளப். மாதந்தோறும் தபாலில் புத்தகம் அனுப்பிய வணிக நிறுவனமும் புக் கிளப். ஒரே நாவலைப் படித்துவிட்டு ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடிப் பேசும் தோழியரும், தொலைக்காட்சி நட்சத்திரம் கைகாட்டும் நூலை வாங்கும் லட்சக்கணக்கானோரும் அதே பெயரில்தான் வருகிறார்கள். தமிழில் ‘வாசகர் வட்டம்’ ஒரு பதிப்பகத்தின் பெயராகவும் இருந்திருக்கிறது, நூலகத்தில் நடக்கும் கூட்டத்தின் பெயராகவும் இருக்கிறது. ஒரே பெயர் என்பதற்காக இவற்றை வரிசையில் நிறுத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். நான் இவற்றை ஒரு கேள்வியோடு அணுக விரும்புகிறேன். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்? தேர்ந்தெடுத்த பிறகு, படித்தவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டிய இடத்தில் அவர் இருக்கிறாரா? ஒரு புக் கிளப் பெயருக்கு ஏற்றதா என்பதை இந்த இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது என்று நம்புகிறேன்.

செல்வந்தர் சங்கங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 1812 ஜூனில் ராக்ஸ்பரோ பிரபுவின் நூலகம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 1471இல் அச்சான பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ பிரதி ஒன்று 2,260 பவுனுக்குப் போனது. அந்த நாளைக் கொண்டாடிய விருந்தில் உருவானது ராக்ஸ்பரோ கிளப். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் அரிய நூலைத் தம் செலவில் அச்சிட்டு மற்றவர்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் வழக்கம். இதே முறையைப் பொதுமக்கள் சந்தாவுக்குத் திறந்துவிட்டபோது பெரிய பயன் விளைந்தது. 1864இல் ஃபர்னிவல் தொடங்கிய பழைய ஆங்கில நூல் பதிப்புச் சங்கம், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியான திட்டத்துக்கு வேண்டிய பழஞ்சொல் சான்றுகளைச் சந்தாதாரர் பணத்தில் அச்சேற்றியது.

இதற்கு நிகரான தமிழ்க் கதை ஒன்று உண்டு. என் பார்வையில் அது இன்னும் செறிவானது. 1880 அக்டோபரில் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான உ.வே. சாமிநாதையரைப் பார்த்து என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சாமிநாதையர் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கினார். முதலியார் அதில் மனம் நிறையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் படித்ததில்லை. ஏடு கிடைத்துப் படிக்கத் தொடங்கியபோது சமண மரபுச் செய்திகள் விளங்கவில்லை. அந்த ஊர்ச் சமணர்களைத் தேடிப் போனார். அவர் போன சமணர் வீடு அன்று விழாக் கோலத்தில் இருந்தது. அங்கிருந்த சந்திரநாத செட்டியார் அதற்குக் காரணம் சொன்னார். வீடூர் அப்பாசாமி நயினாரிடம் சில மாதங்களாகச் சிந்தாமணி கேட்டு வந்திருக்கிறார்கள், அது நிறைவெய்தியதற்கான கொண்டாட்டம் அது.

தமிழ்ப் புலவர் உலகம் கிட்டத்தட்ட மறந்துவிட்ட ஒரு காவியம், ஒரு சிறு சமூகத்தின் வீட்டுக் கூடத்தில் ஒருவர் சொல்லப் பலர் கேட்டு உயிரோடு இருந்திருக்கிறது. சாமிநாதையர் அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்து சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார். பிறகு நூலை அச்சிடப் பணம் வேண்டியிருந்தபோது முன்கூட்டியே பலரிடம் சந்தாக் கையொப்பம் வாங்கினார். 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு சிந்தாமணி வெளிவந்தது. சேர்ந்து படிக்கும் குழு ஒன்று நூலைக் காத்தது, சேர்ந்து பணம் போட்ட குழு ஒன்று அதை அச்சுக்குக் கொண்டுவந்தது. புக் கிளப் என்ற பெயரின் இரு வேறு பொருள்களும் ஒரே புத்தகத்தின் வரலாற்றில் சந்தித்திருக்கின்றன. அந்தப் பெயரை யாரும் அங்கே உச்சரிக்கவில்லை என்பதால் இதைப் புக் கிளப் வரலாற்றில் நாம் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் ‘புக் கிளப்’ என்றால் உலகம் முதலில் புரிந்துகொண்டது தபால் வணிகத்தைத்தான். ஹாரி ஷெர்மன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர், கையடக்கச் செவ்விலக்கியப் பதிப்புகளைச் சாக்லேட் பெட்டிகளில் வைத்து விற்ற அனுபவம் உள்ளவர். மலிவுப் பதிப்பைத் தபாலில் விற்கலாம் என்றால் புதுப் புத்தகத்தையும் விற்கலாம், ஆனால் ஒவ்வொரு தலைப்புக்கும் தனியாக விளம்பரம் செய்தால் கட்டுப்படியாகாது என்பது அவருடைய கணக்கு. ஆகவே புத்தகத்தை விற்காமல் உறுப்பினர் பதவியை விற்றார். 1926 ஏப்ரலில் ‘புக் ஆஃப் த மந்த் கிளப்’ தன் முதல் தேர்வை, சில்வியா டவுன்செண்ட் வார்னரின் ‘லாலி வில்லோஸ்’ நாவலை, 4,750 பேருக்கு அனுப்பியது. மூன்றாண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த வேகத்துக்குக் காரணம் அமெரிக்காவின் நிலப்பரப்பு. நல்ல புத்தகக் கடைகள் பெருநகரங்களில் மட்டும் இருந்தன. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியைக்கும் பண்ணைவீட்டு மருத்துவருக்கும் தபால்காரர்தான் புத்தகக் கடை. எது நல்ல புத்தகம் என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. ஷெர்மன் அந்த இடத்தில் ஐந்து நடுவர்களை உட்கார வைத்தார். ஹென்றி சீடெல் கான்பி தலைவர். டோரத்தி கேன்ஃபீல்ட் ஃபிஷர், ஹேவுட் புரூன், கிறிஸ்டோபர் மார்லி, வில்லியம் ஆலன் வைட் மற்ற நால்வர். தொடக்க மாதங்களில் தேர்ந்த நூலை எல்லாருக்கும் அப்படியே அனுப்பிவிட்டார்கள். பிடிக்காதவர்கள் திருப்பி அனுப்ப, கட்டுக்கட்டாகப் புத்தகம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற ஏற்பாடு வந்தது. என்ன புத்தகம் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். வேண்டாம் என்று குறித்த நாளுக்குள் எழுதிப் போடாவிட்டால் புத்தகமும் பில்லும் வீடு தேடி வரும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இந்த வணிகமுறை பிறகு இசைத்தட்டு, நாணயம் என எதை எதையோ விற்கப் பயன்பட்டது. 1973இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இதற்கென்றே விதிமுறை வகுக்க வேண்டியிருந்தது.

இந்த நிறுவனத்தை ரசனையைத் தட்டையாக்கிய ஆலை என்று அக்கால விமர்சகர்கள் பலர் தாக்கினார்கள். ஜேனிஸ் ராட்வே 1997இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாத வாசகர்களுக்கு, தங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் படிக்கத்தக்க நூல்களை மெய்யான அக்கறையோடு தேடியவர்கள் அதன் ஆசிரியர் குழுவினர் என்று அவர் காட்டினார். ராட்வே சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அக்கறையுள்ள நடுவரும் அதிகாரம் உள்ளவர்தான். அந்த அதிகாரம் எதுவரை போகும் என்பதற்கு ரிச்சர்ட் ரைட்டின் கதை சான்று.

1940இல் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ கிளப்பின் தேர்வாயிற்று. கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நூல் அங்கே முதன்மைத் தேர்வானது அதுவே முதல்முறை. ஆனால் திரையரங்கில் நடக்கும் ஒரு காட்சி கிளப்புக்கு உறுத்தியது. ரைட் அதை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகே நூல் வெளிவந்தது. அடுத்தது அவருடைய தன்வரலாறு. தெற்கில் கழிந்த இளமை முதல் பாகம். சிகாகோ வாழ்க்கையும் பொதுவுடைமைக் கட்சி அனுபவமும் இரண்டாம் பாகம். வடக்குக்குப் போனாலும் இனவெறி விட்டபாடில்லை என்பதை அந்த இரண்டாம் பாகம் சொன்னது. முதல் பாகம் மட்டும் போதும் என்றது கிளப். அமெரிக்க இலட்சியங்களுக்கு நன்றி தொனிக்கும் ஒரு முடிவை டோரத்தி ஃபிஷர் கடிதத்தில் வேண்டினார். ரைட் முழுவதுமாக இணங்கவில்லை. இருந்தும் 1945இல் ‘பிளாக் பாய்’ பாதி நூலாகத்தான் வந்தது. வடக்கைப் பற்றிய பகுதி தனி நூலாக வெளிவந்தது 1977இல். ரைட் 1960இலேயே இறந்துவிட்டார். அந்தக் கிளப்பின் லட்சக்கணக்கான உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் படிப்பது பாதி என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்க இடமில்லை. புத்தகத்தைத் திருப்பி அனுப்பலாம், அதற்கு மேல் அவர்களுக்கு உரிமை கிடையாது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே வணிகமுறையை அரசியலுக்குப் பயன்படுத்தினார் லண்டன் பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ். 1936 மே மாதம் ‘லெஃப்ட் புக் கிளப்’ தொடங்கியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. இரண்டு மாதத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மாதம் இரண்டரை ஷில்லிங் கொடுத்தால் மெல்லிய ஆரஞ்சு அட்டையில் ஒரு புதுப் புத்தகம் கிடைக்கும். அதே புத்தகம் கடையில் வாங்கினால் பல மடங்கு விலை. 2,500 பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும் என்று கொலான்ஸ் கணக்கிட்டிருந்தார். 1939இல் 57,000 பேர் இருந்தார்கள். எட்கர் ஸ்நோவின் சீன நூலை ஆங்கில வாசகர்களுக்கு முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கிளப். இந்தியாவின் வறுமையையும் காலனியச் சுரண்டலையும் விரிவாக எழுதிய ரஜனி பாமி தத்தின் ‘இன்றைய இந்தியா’ 1940இல் வந்ததும் இதன் பட்டியலில்தான்.

ஷெர்மன் செய்யாத ஒன்றை, ஒருவேளை நினைத்தும் பார்க்காத ஒன்றை, கொலான்ஸின் உறுப்பினர்கள் தாங்களாகவே செய்தார்கள். அந்தந்த ஊரில் கூடி மாதப் புத்தகத்தை விவாதிக்கத் தொடங்கினார்கள். தலைமையகம் அதை உணர்ந்து ஜான் லூயிஸ் என்பவரை அமர்த்திக் குழுக்களை ஒருங்கிணைத்தது. போருக்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் நடந்தன. ஊர்வாரியாகவும் தொழில்வாரியாகவும் கூடினார்கள், நாடகம் போட்டார்கள், ஸ்பெயினுக்கு நிதி திரட்டினார்கள். 1937இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த பேரணிக்கு ஏழாயிரம் பேர் வந்தார்கள். தபாலில் புத்தகம் வாங்குவோர் பட்டியல் ஒன்று, ஒருவரையொருவர் அறிந்த மனிதர்களின் வட்டங்களாக மாறியது. புக் கிளப் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

அதே சமயம் என்னை மிகவும் வருத்தும் கட்டமும் இதுவே. தேர்வு செய்தவர்கள் மூவர்: கொலான்ஸ், பொருளியல் எழுத்தாளர் ஜான் ஸ்ட்ரேச்சி, பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி. குழுக்கள் எவ்வளவு பேசினாலும் தேர்வு அந்த மூவருடையது. மூவரும் அப்போது சோவியத் ஆட்சி மீது வைத்திருந்த நம்பிக்கை தேர்வில் தெரிந்தது. ஜார்ஜ் ஆர்வெல் சுரங்கத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி எழுதிய ‘த ரோட் டு விகன் பியர்’ 1937 மார்ச்சில் கிளப்பின் நூலாக வந்தது. முதல் பாதி சுரங்கம், வீடு, கூலி, உணவு பற்றியது. இரண்டாம் பாதியில் நடுத்தர வர்க்கச் சோஷலிஸ்டுகளையே ஆர்வெல் கடுமையாக விசாரித்தார். அதாவது கிளப்பின் உறுப்பினர்களையே. உறுப்பினர் பதிப்பில் முதல் பாதியை மட்டும் போடலாமா என்று கொலான்ஸ் யோசித்தார். அது நடக்காததால், ஆசிரியரோடு தாம் மாறுபடும் இடங்களை விளக்கி முன்னுரை எழுதிச் சேர்த்தார். ரைட்டுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் ஸ்பெயின் போர்க்களத்திலிருந்து திரும்பிய ஆர்வெல் அங்கே பொதுவுடைமைக் கட்சி செய்ததை எழுதப்போகிறார் என்று தெரிந்ததும், அந்த நூல் எழுதப்படும் முன்னரே கொலான்ஸ் மறுத்துவிட்டார். ‘ஹோமேஜ் டு கேடலோனியா’ 1938இல் வேறு பதிப்பகத்தில் வந்து, கண்டுகொள்வார் இல்லாமல் கிடந்தது. ஸ்பெயினுக்காக நிதி திரட்டிய ஆயிரம் குழுக்கள் ஸ்பெயினைப் பற்றி மாதம் முழுக்கப் பேசியிருக்க வேண்டிய புத்தகம் அவர்கள் கைக்கு வரவே இல்லை.

1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கிளப்பின் அடித்தளம் அன்றே பிளந்தது. கொலான்ஸ் மனம் மாறி, 1941இல் பொதுவுடைமைக் கட்சியின் போக்கைக் கண்டிக்கும் தொகுப்பைத் தாமே பதிப்பித்தார். உறுப்பினர்கள் குறைந்துகொண்டே போய் 1948இல் கிளப் மூடியது. குழுக்களுக்கும் தேர்வில் ஒரு பங்கு இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த உரிமை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஜெர்மனியில் வணிகம், கொள்கை என்ற இரண்டு போக்குகளும் அருகருகே வளர்ந்தன. 1924இல் லைப்சிக் நகரில் அச்சுத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ‘புய்ஷர்கில்டே குட்டன்பெர்க்’, தொழிலாளி வீட்டிலும் அழகான கட்டமைப்போடு நல்ல நூல் இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்டது. நாஜிகள் அதைக் கைப்பற்றினார்கள், போருக்குப் பின் அது மீண்டது, இன்றும் நடக்கிறது. 1950இல் தொடங்கிய பெர்ட்டல்ஸ்மனின் வாசகர் கிளப் நான்கே ஆண்டுகளில் பத்து லட்சம் உறுப்பினர்களைச் சேர்த்து, ஓர் உலக ஊடகப் பேரரசுக்கு முதலீடு ஈட்டித் தந்தது. இணைய விற்பனை வந்ததும் அதன் தேவை போய்விட்டது, 2015இல் மூடினார்கள். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது மட்டும் கிளப்பின் வேலையாக இருந்தால், அதைவிட விரைவாகக் கொண்டுவருபவர் வந்ததும் கிளப் முடிந்துபோகும்.

முடியாமல் தொடர்வது வீட்டுக் கூடத்தில் கூடும் வட்டம். இது பெரும்பாலும் பெண்களின் வரலாறு, அதனாலேயே நெடுநாள் எழுதப்படாமல் கிடந்தது. பிலடெல்பியாவில் 1831இல் கறுப்பினப் பெண்கள் ஓர் இலக்கியச் சங்கம் அமைத்தார்கள். உறுப்பினர்கள் தாங்கள் எழுதியதைப் பெயரிடாமல் பெட்டியில் போடுவார்கள், பிறகு அதை எடுத்துப் படித்து விவாதிப்பார்கள். அடிமைமுறை சட்டமாக இருந்த நாட்டில், தங்களுக்கு மூளை உண்டு என்று நிரூபிக்கச் சொன்ன சமூகத்தின் நடுவில் நடந்த வேலை இது. 1839இல் பாஸ்டனில் மார்கரெட் ஃபுல்லர் கட்டணம் வாங்கிக்கொண்டு பெண்களுக்கு உரையாடல் வகுப்புகள் தொடங்கினார். பக்கத்திலேயே ஹார்வர்டு இருந்தது, அதன் வாசல் பெண்களுக்கு மூடியிருந்தது. நாம் என்ன செய்யப் பிறந்தோம், அதை எப்படிச் செய்வது என்பதே அந்த உரையாடல்களின் மையக் கேள்வி. அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. வந்தவர்களைப் பேச வைத்தார், எழுத வைத்தார். ஐந்து ஆண்டுகள் நடந்த அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்கள் பலர் பின்னாளில் அடிமை ஒழிப்பிலும் பெண் கல்வியிலும் முன்நின்றார்கள்.

எலிசபெத் லாங் என்ற சமூகவியலாளர் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்து வாசிப்புக் குழுக்களோடு பல ஆண்டுகள் பழகி 2003இல் ஒரு நூல் எழுதினார். வாசிப்பு என்றதும் விளக்கடியில் தனியாக அமர்ந்திருக்கும் ஓர் ஆளை நினைக்கிறோமே, அந்தப் பழக்கத்தையே அவர் கேள்வி கேட்டார். ஒருவருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது யார், புத்தகத்தை எட்டச் செய்தது யார், படித்ததைப் பேச ஆள் இருந்தார்களா என்பதெல்லாம் அந்தச் சித்திரத்துக்கு வெளியே விடுபட்டுப்போகின்றன. ஜென்னி ஹார்ட்லி 2001இல் பிரிட்டனில் 350 குழுக்களைக் கணக்கெடுத்தபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பெண்கள் மட்டுமே கூடுபவை. இத்தகைய குழுக்களில் பாத்திரங்களைத் தெரிந்த மனிதர்களைப் போலப் பேசுவார்கள், தங்கள் திருமணத்தையும் தாயையும் இடையே கொண்டுவருவார்கள் என்று பேராசிரியர்கள் குறைபடுவதுண்டு. அன்னா கரேனினாவைத் தன் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்காத ஒருவர் அந்த நாவலை என்னதான் செய்தார் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் குழுக்களில் பெரும்பாலானவற்றில் தேர்வு முறைவைத்துச் சுற்றிவரும். இந்த மாதம் தேர்ந்தவர், இரண்டு மணி நேரம் அதே அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அடுத்த மாதம் அவர் வாசகர். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை எந்தப் பதிப்பாளரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த அறை சில இடங்களில் அடைக்கலமாகவும் இருந்திருக்கிறது. பல்கலைக்கழக வேலையை விட்ட அசார் நஃபீசி 1995 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் டெஹ்ரானில் தம் வீட்டில் வியாழன்தோறும் ஏழு மாணவியரோடு நபகோவையும் ஜேன் ஆஸ்டினையும் படித்தார். அதைப் பற்றி அவர் எழுதிய நூல், ஈரானைப் பற்றிய மேற்கத்தியத் தப்பெண்ணத்துக்குத் தீனி போட்டது என்று ஹமீது தபாஷி போன்றோர் கண்டித்தார்கள். அந்த விவாதம் நூலைப் பற்றியது. தெருவில் தலைமறைப்பு சரியாக இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போகும் ஊரில் அந்த மாணவியர் வாரந்தோறும் வந்தார்கள் என்பது அதனால் சிறிதாகிவிடாது.

1996 செப்டம்பர் 17 அன்று ஓப்ரா வின்ஃப்ரே தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு புக் கிளப்பைத் தொடங்கினார். தேர்வு செய்தது ஒரே ஒருவர், வாசகர்கள் லட்சக்கணக்கில். என் அளவுகோலின்படி இதை நான் நிராகரித்திருக்க வேண்டும், என்னால் முடியவில்லை. அவருடைய இரண்டாவது தேர்வு டோனி மாரிசனின் ‘சாங் ஆஃப் சாலமன்’. 1977இல் வந்த, எளிதில் வசப்படாத அந்த நாவலைச் சமையல் குறிப்புக்கும் குடும்பப் பிரச்சினைக்கும் நடுவே வைத்து, இது உங்களுக்குத்தான் என்று சொன்னார். எழுத்தாளரும் சில வாசகர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதை நாடு பார்த்தது. 2001இல் ஜொனாதன் ஃபிரான்சன் தம் நாவல் அட்டையில் ஓப்ராவின் முத்திரை விழுவதைப் பற்றித் தயக்கம் தெரிவித்தபோது, அழைப்பை ஓப்ரா திரும்பப் பெற்றுக்கொண்டார். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படிப்பதால் நூலின் மதிப்பு குறையும் என்ற பழைய எண்ணம் அன்று வெளிச்சத்துக்கு வந்தது. 2005இல் அவர் தேர்ந்த ஜேம்ஸ் ஃப்ரேயின் தன்வரலாற்றில் பல பகுதிகள் இட்டுக்கட்டியவை என்று அம்பலமானது. ஓப்ரா முதலில் ஆசிரியரின் பக்கம் நின்றார். பிறகு 2006 ஜனவரியில் அவரை அதே மேடையில் உட்கார வைத்து விசாரித்தார், தம் தவறையும் மக்கள் முன் ஒப்புக்கொண்டார். தேர்ந்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை ஒரு வணிகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஏற்றுக்கொண்ட நாள் அது.

தமிழ்ப் பக்கம் வருவோம். ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நமக்குப் பழைய பழக்கம். மழை வேண்டி ஊர் கூடி விராட பருவம் படிப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் இன்றும் நடக்கிறது. ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, இன்னொருவர் பொருள் சொல்வார். தவறாகப் படித்தால் திருத்த, கேட்பவர்களில் பழுத்தவர்கள் இருப்பார்கள். அந்தத் திருத்தும் உரிமையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் திருநெல்வேலியில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி, தமிழ் வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு முன்மாதிரி. டி.கே.சி. கம்பன் பாடலை எடுத்து மெதுவாக, மீண்டும் மீண்டும் சொல்லி, பாவம் வெளிப்படும் வரை விடமாட்டார் என்று அங்கே போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீதிபதி மகாராஜனும் பாஸ்கரத் தொண்டைமானும் அந்த வட்டத்தில் உருவானவர்கள், ராஜாஜியும் கல்கியும் அதன் நண்பர்கள். ஆனால் எந்தப் பாடல் கம்பனுடையது, எது இடைச்செருகல் என்பதை டி.கே.சி.யின் செவியே முடிவு செய்தது. பல பாடல்களை நீக்கினார், சிலவற்றைத் திருத்தினார். வட்டத்துக்கு உள்ளே அதை மறுத்தவர்கள் அதிகம் இல்லை. மறுப்பு வெளியிலிருந்து, புலவர்களிடமிருந்து வந்தது. கவிதையைக் காதால் அனுபவிக்க ஒரு தலைமுறைக்கே கற்றுத்தந்த அந்த வட்டத்தில் மறுத்துப் பேசும் குரல் ஒன்றிரண்டு கூடுதலாக இருந்திருந்தால் கம்பனுக்கும் நல்லது, டி.கே.சி.க்கும் நல்லது.

1960களின் நடுவில் சென்னையில், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தியும் அவர் கணவரும் ‘வாசகர் வட்டம்’ தொடங்கினார்கள். உறுப்பினர்களை நம்பிய பதிப்பகம் அது. லா.ச. ராமாமிருதத்தின் ‘புத்ர’, தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, கடல் கடந்த தமிழரின் எழுத்தைத் திரட்டிய ‘அக்கரை இலக்கியம்’, ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக்கரையோடு பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ எல்லாம் அதன் வெளியீடுகள். பெரும்பத்திரிகைத் தொடர்கதையே நாவல் என்றிருந்த நாளில், நல்ல தாளில், நல்ல அட்டையோடு, தொடராக வராத புதிய நாவலை நேரே புத்தகமாகக் கொடுத்தார்கள். இன்று நாம் நவீனத் தமிழ் நாவலின் சிகரங்கள் என்று சொல்பவற்றில் சில அந்தச் சிறு பட்டியலில் இருக்கின்றன. தேர்ந்தவர்களின் கண் அவ்வளவு கூர்மையானது. 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை என்ற அமைப்பு வேறு வழியில் போனது. மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசி, அப்படித் தேர்ந்த கதைகளை ஆண்டுதோறும் தொகுப்பாக்கியது. வெகுமக்கள் இதழில் வந்த கதையையும் சிறுபத்திரிகைக் கதையையும் அது ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டம், பேசுபவர் தன் கருத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடமாக இருந்தது.

இன்று சிங்கப்பூரின் ஆங் மோ கியோ நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்திலிருந்து, ஊரெங்கும் நடக்கும் ஜூம் கூட்டங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் வரை தமிழில் சேர்ந்து வாசிப்பவர்களுக்குக் குறைவில்லை. இணையக் கூட்டம் செய்த பெரிய நன்மை பெண்களை உள்ளே கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஊரின் மறுகோடியில் இருக்கும் மண்டபத்துக்குப் போய்வர எத்தனை வீடுகள் ஒரு பெண்ணை விட்டன? இப்போது அடுக்களை வேலை முடிந்த பிறகு இரவு எட்டரைக்கு அவர்கள் வருகிறார்கள், நன்றாகப் பேசுகிறார்கள்.

எனக்குக் கவலை தருவது மேடை. நூல் விமர்சனக் கூட்டம் என்று அழைப்பிதழ் வரும். போனால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை. அரங்கில் இருப்பவர்கள் நூலைப் படித்துவிட்டு வரவில்லை, படித்திருந்தாலும் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. எழுத்தாளரை மதிப்பது நல்ல வழக்கம், அது தொடரட்டும். அதை வாசிப்பு வட்டம் என்று சொல்லக் கூடாது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆறு பேரும் படித்துவிட்டு வந்து, இந்த இடத்தில் நாவல் சறுக்குகிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று இன்னொருவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் அது வட்டம்.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1948இன் பொது நூலகச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடியானது. சொத்துவரியோடு சேர்த்து நாம் நூலக வரி செலுத்துகிறோம். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன, பலவற்றில் வாசகர் வட்டம் என்ற அமைப்பும் இருக்கிறது. அந்த வட்டங்கள் புரவலர் சேர்க்கின்றன, நாற்காலி வாங்கித் தருகின்றன, நூலக வார விழா நடத்துகின்றன. புத்தகத் தேர்வு மட்டும் அவர்களிடம் இல்லை. சென்னையிலிருந்து வரும் ஆணைப்படி மூட்டை வந்து இறங்குகிறது. நூல் வாங்கும் தொகையில் ஒரு சிறு பங்கை, பத்தில் ஒன்று போதும், அந்தந்த ஊர் வாசகர் வட்டத்திடம் விட வேண்டும். நிபந்தனை இரண்டு. தேர்ந்த நூலை அவர்கள் படித்துக் கூடிப் பேச வேண்டும். ஏன் தேர்ந்தோம், படித்தபின் என்ன நினைக்கிறோம் என்பதை எழுதி, நூலகத்துக்கு வரும் எவரும் படித்து மறுக்கும்படி அங்கேயே வைக்க வேண்டும்.